நாலடி அகலம்

பிளைவுட் பலகை நாலடிக்கு எட்டடிதான் வரும்.
மூஸ் ஜா மரக்கடையில் பணம் கட்டும்போதே
முடிவாகிவிட்டது படுக்கையின் அகலம்.
ஒருவர் என்றால் தாராளம்.
இருவர் என்றால்
சண்டை போடாதவர்களாக இருக்க வேண்டும்,
குறட்டை விடாதவர்களாகவும்.

நாங்கள் சண்டை போடுவதில்லை.
வெண்டல் பதினொரு வருடமாக
வீட்டின் மறுகோடி அறையில் தூங்குகிறான்.
காலையில் காபிக் கோப்பைகளோடு சந்திக்கிறோம்,
ஒரே விடுதியில் தங்கிய பயணிகளைப் போல,
மரியாதையாக.

பள்ளிப் பேருந்தின் சாவியை ஒப்படைத்த நவம்பரில்
ஸ்னோமொபைல் ஏற்றும் பழைய டிரெய்லர் ஒன்றை
முந்நூறு டாலருக்கு இழுத்து வந்தேன்.
"எதற்கு, ஒரீசியா?"
"கூரை போட."
அதற்கு மேல் கேட்கவில்லை.
அது பொறுமையா சோம்பலா என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அச்சு முழுக்கத் துரு.
முச்சாண்கூட ஓடாத தேர்.
டிசம்பர் முழுவதும் சுரண்டினேன்.

வரைபடம், எரிவாயு பில்லின் பின்பக்கத்தில்.
பக்கவாட்டில் பார்த்தால் பாதியாக நறுக்கிய பேரிக்காய்.
பின்னால் தூக்கித் திறக்கிற சமையல் மேடை,
ஒரு ஸ்டவ், ஒரு கெட்டில்,
ஒரு தலையணை.
பென்சில் தானாக அங்கே நின்றுவிட்டது என்று
சொல்லிக்கொள்ளலாம்.
பொய்.

ஜனவரியில் பசை பிடிக்கவில்லை.
வெளியே மைனஸ் முப்பது;
ஹீட்டர் வைத்தும் எபாக்சி
இறுகாத வெல்லப்பாகாய்க் கிடந்தது.
வளைத்துக் கட்டிய கூரை
நடுராத்திரியில் டப்பென்று நிமிர்ந்துகொண்டது.
இரண்டு முறை.
சாண் ஏறி முழம் சறுக்கிய வாரங்கள்.

ஒரு காலை போய்ப் பார்க்கிறேன்:
கூரைமேல் அவனுடைய மின்போர்வை,
அதன்மேல் நாயின் மெத்தை,
அதன்மேல் நான்கு உப்பு மூட்டைகள்.
பசை பிடித்திருந்தது.
அன்றிரவு அவன் எதைப் போர்த்திக்கொண்டான் என்று
நான் கேட்கவில்லை.
எனக்கும் தொற்றிவிட்டது போலும்.

மார்ச்சில் பஞ்சு மெத்தை வந்த மறுநாள்
விடியுமுன் கராஜில் விளக்கு.
கதவு மாட்டாத துளைவழியே இரண்டு பாதங்கள்,
சாம்பல் நிறக் காலுறை,
இடது கட்டைவிரலில் ஓட்டை.
அளந்து பார்க்க வந்தவன் தூங்கிப்போயிருந்தான்.
ஆறடி இரண்டங்குல ஆள்
முழங்காலை மடக்கிச் சுவரோடு ஒட்டி
சரிபாதியை மட்டும் எடுத்துக்கொண்டு.

குறட்டை பேரிக்காய் முழுக்க நிரம்பி
பலகையில் அதிர்ந்தது.
வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.

இருபத்தாறு வருடம்
என் வலது முட்டியருகே ஓர் எஞ்சின் உறுமியது.
அதன் மூடிமேல்தான் என் கையுறைகள் காயும்.
அந்தச் சத்தத்தில் ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை;
நின்றால்தான் பயம்,
பின்னால் முப்பது பிள்ளைகள்,
சுற்றிலும் பனி.

எழுப்பவில்லை.
மனம் மாறிவிட்டதாகவும் சொல்ல மாட்டேன்.
கூரையில் காற்றுத்துளை வெட்டுவது பாக்கியிருந்தது.
என் தலைக்கு நேராகப் போட்டிருந்த குறியை அழித்து
ஏழங்குலம் தள்ளிப் போட்டேன்.
காதடைப்பான் வைக்க
தீப்பெட்டி அளவில் ஒரு மாடமும் செய்தேன்.

மே மாதம், ஃப்ரெஞ்ச்மன் பள்ளத்தாக்கு.
புல்லைத் தவிர யாருமில்லை.
முதல் இரவு நான் காரில் தூங்கினேன்.
இரண்டாம் இரவும்.
மூன்றாம் இரவு ஆலங்கட்டி மழை
காரின் தகரத்தில் கல்லெறிய,
ஓடிவந்து ஈரத்தலையோடு உள்ளே புகுந்தேன்.

கண் திறக்காமலே அவன்
சுவர்ப்பக்கம் இன்னும் ஓர் அங்குலம் ஒதுங்கினான்.
அங்கே ஏதோ ஒரு மூட்டு கிறீச்சிட்டது,
தரையிலிருந்து இரண்டாவது சட்டமாக இருக்கும்.
காலையில் பார்க்க வேண்டும்.
திருகாணி எத்தனை மிச்சமிருக்கிறதென்று
யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.